‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு: முண்டாரி மொழி பற்றிய கேள்வி - பதில்

முண்டாரி ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பேசப்படும் மொழி. இந்தப் பக்கத்தில் முண்டாரிச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ’ என்ற குறி வரும் இடத்தில் தொண்டையை ஒரு கணம் அடைத்து நிறுத்துங்கள். அப்பி, இப்பில் என்பதுபோல் நடுவில் வல்லினம் இரட்டித்து வந்தால், அது உண்மையில் ஒற்றை ஒலிதான். ஒற்றையாக எழுதினால் தமிழ் வாசிப்பில் மெலிந்துவிடும் என்பதற்காக இரட்டித்திருக்கிறோம்.

கேள்வி: முண்டா என்பது இனப்பெயரா, மொழிப்பெயரா? இணையத்தில் ‘முண்டாரி’ என்று தேடினால் ஆப்பிரிக்காவில் மாடு மேய்ப்பவர்களின் படங்கள்தான் வருகின்றன. இரண்டு பேரும் ஒரே மக்களா?

இல்லை. படத்தில் இருப்பவர்கள் தெற்கு சூடானில் நைல் கரையோரம் வாழும் முண்டாரி மக்கள். பெரிய கொம்பு மாடுகளும் சாணச் சாம்பலும் அவர்களுடைய அடையாளம். அவர்கள் பேச்சு நைலோட்டிக் மொழிகளைச் சேர்ந்தது, பாரி மொழிக்கு நெருக்கமானது. நம் நாட்டு முண்டாரியோடு பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பு கிடையாது. தேடும்போது ‘ஜார்க்கண்ட்’, ‘குந்தி’ (அங்குள்ள மாவட்டம்) என்ற சொற்களில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

‘முண்டா’ என்ற சொல்லுக்கு மூன்று பயன்பாடுகள் உண்டு. அது ஒரு பழங்குடியின் பெயர். அந்தப் பகுதியில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல். மொழியியலில் சந்தாலி, ஹோ, முண்டாரி, கரியா, கொர்க்கு, சவரா போன்ற மொழிகள் அடங்கிய ஒரு கிளையின் பெயர். அந்தக் கிளையில் முண்டா மக்களின் மொழி முண்டாரி. பேசுகிறவர்கள் தங்கள் மொழியை ‘ஹொடொ ஜகர்’ என்பார்கள். ஹொடொ என்றால் மனிதர், ஜகர் என்றால் பேச்சு. இதே ‘மனிதர்’ சொல் சந்தாலியில் ‘ஹொட்’, ஹோ மொழியில் ‘ஹோ’, கொர்க்குவில் ‘கொரொ’. ஹோ மொழிக்குப் பெயர் வந்ததே அந்தச் சொல்லிலிருந்துதான். இடையில் வரும் டகரத்தை ஹோ விழுங்கிவிடும். வீடு முண்டாரியில் ‘ஒடா’’, ஹோவில் ‘ஒவா’’.

கேள்வி: முண்டாரி பேசுவோர் எத்தனை பேர்? ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு எண் இருக்கிறது.

வேறுபாட்டுக்குக் காரணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியல். 2011 கணக்கெடுப்பில் ‘முண்டாரி’ என்று 11,28,228 பேரும், ‘முண்டா’ என்று 5,05,922 பேரும் தாய்மொழி பதிந்திருக்கிறார்கள். பட்டியலில் இரண்டும் தனித்தனி மொழிகள். ஒருவர் முதல் எண்ணை மட்டும் எடுத்தால் 11 லட்சம், இன்னொருவர் இரண்டையும் கூட்டினால் 16 லட்சத்து 34 ஆயிரம். ‘முண்டா’ என்று சொன்னவர்கள் பலரும் பேசுவது முண்டாரிதான். ஆனால் எல்லாரும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. இனப்பெயரையே மொழிப்பெயராகச் சொன்னவர்களும் அதில் இருக்கலாம். எண்ணைப் பயன்படுத்தும்போது எந்த ஆண்டு, எந்தத் தலைப்பு என்று சேர்த்தே எழுதுங்கள். ஒப்பிட வேண்டுமானால், அதே கணக்கில் சந்தாலி 73.7 லட்சம், ஹோ 14.2 லட்சம்.

மக்கள் அடர்ந்து வாழ்வது ஜார்க்கண்டின் குந்தி, ராஞ்சி, மேற்கு சிங்பூம், சிம்டேகா, கும்லா மாவட்டங்களில். ஒடிசாவில் சுந்தர்கர், மயூர்பஞ்ச், கேந்துஜர். தேயிலைத் தோட்ட வேலைக்காகப் பிரிட்டிஷ் காலத்தில் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழியினர் அசாமிலும் மேற்கு வங்கத்திலும் இருக்கிறார்கள். வங்கதேசத்திலும் உண்டு.

கேள்வி: இது திராவிட மொழியா? தமிழோடு உறவு உண்டா?

உறவு இல்லை. முண்டாரி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். அதன் தூரத்து உறவுகள் மேகாலயாவின் காசி, பர்மாவின் மொன், கம்போடியாவின் கெமர், வியட்நாமியம், நிக்கோபார் மொழிகள். எண்களைப் பாருங்கள். முண்டாரியில் இரண்டு ‘பர்’, மூன்று ‘அப்பி’, நான்கு ‘உப்புன்’. மொன் மொழியில் ‘பா, பி, பொன்’. வியட்நாமியத்தில் மூன்று ‘பா’, நான்கு ‘போன்’. கண்ணுக்கு முண்டாரியில் ‘மெ’த்’, வியட்நாமியத்தில் ‘மத்’, காசியில் ‘க்மத்’. வங்கக் கடலைச் சுற்றிக்கொண்டு இந்தச் சொற்கள் அப்படியே கிடக்கின்றன.

ஆனால் வாக்கிய அமைப்பைப் பார்த்தால் கிழக்கே இருக்கும் உறவுகளைவிட இது தமிழருக்குத்தான் பழக்கமாகத் தெரியும். வினை கடைசியில் வரும்; ஒட்டுகள் பின்னால் சேரும்; நாவை மடித்துச் சொல்லும் ட, ண ஒலிகள் உண்டு. வியட்நாமியத்திலும் கெமரிலும் வினை நடுவில் வரும். நீண்ட காலம் இந்திய மண்ணில் மற்ற மொழிகளோடு பழகியதன் தடம் இது.

அதே ராஞ்சி வட்டாரத்தில் தமிழுக்கு உண்மையான உறவு வேண்டுமானால் குருக் மொழியைப் பாருங்கள். ஓராவோன் மக்கள் பேசுவது, திராவிட மொழி. அதில் பல்லுக்கு ‘பல்’, கண்ணுக்கு ‘கன்’ (முதல் ஒலி தொண்டையிலிருந்து உரசி வரும்). முண்டாவும் ஓராவோனும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், மொழிக்குடும்பம் மட்டும் வேறு.

கேள்வி: முண்டாரியில் எத்தனை வட்டார வழக்குகள்? எதைப் படிக்கத் தொடங்குவது?

பொதுவாக நான்கு சொல்வார்கள். ராஞ்சியிலிருந்து சாய்பாசா போகும் சாலையை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கிழக்கே பேசுவது ஹசாதா’. (ஹசா என்றால் மண், தா’ என்றால் நீர்.) மேற்கே நாகுரி. தென்கிழக்கில் புண்டு, தமார் பக்கம் தமாரியா. அதையே லத்தார் என்றும் சொல்வார்கள், ‘கீழ்ப்பக்கம்’ என்று பொருள். நான்காவது கேரா’. ராஞ்சி நகரைச் சுற்றி அதைப் பேசுவோர் முண்டாக்கள் அல்ல, ஓராவோன்கள்! திராவிட மொழிக்காரர்களில் ஒரு பகுதியினர் முண்டாரியைத் தாய்மொழியாக்கிக்கொண்டதன் விளைவு இது. இனத்தை வைத்து மொழியை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மயூர்பஞ்ச், மேற்கு வங்கப் பகுதியின் பூமிஜ் பேச்சைச் சிலர் முண்டாரியின் வழக்காகவும், சிலர் தனி மொழியாகவும் கணக்கிடுகிறார்கள். பூமிஜ் மக்களுக்குத் தனி எழுத்தும் (ஒல் ஒனல்) தனி அடையாளமும் உண்டு. அவர்கள் தனி மொழி என்று சொன்னால் அதை மதிப்பதே முறை.

தொடக்கத்துக்கு ஹசாதா’ நல்லது. முண்டாக்களே அதைத்தான் சுத்தமான பேச்சு என்று கருதுகிறார்கள். இலக்கண நூல்களும் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை. ஒரு எச்சரிக்கை: கேட்டுக் கற்கும் ஒலிப்பதிவு எந்த வழக்கு என்று முதலில் விசாரியுங்கள். ஹசாதா’ புத்தகத்தையும் நாகுரிப் பேச்சையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு படித்தால், வழக்கு வேறுபாட்டையெல்லாம் நம் பிழை என்று எண்ணிக் குழம்பிப்போவோம்.

கேள்வி: தமிழில் இருப்பதுபோல் ‘நாம் - நாங்கள்’ வேறுபாடு முண்டாரியிலும் உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இன்னும் ஒரு படி மேலே போகிறது, ஏனென்றால் முண்டாரியில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண்கள். ‘நாம்’ என்பது ‘அபு’. ‘நாங்கள்’ என்பது ‘அலெ’. இருவர் மட்டும் என்றால் வேறு சொல்: நீயும் நானும் ‘அலங்’, நானும் இன்னொருவரும் (நீ இல்லை) ‘அலிங்’. முன்னிலையில் ஒருவர் ‘அம்’, இருவர் ‘அபென்’, பலர் ‘அப்பெ’. இந்தி வழியாக முண்டாரி கற்கிறவர்கள் அபுவையும் அலெயையும் மாற்றிப் போட்டுத் திணறுவார்கள், இந்தியில் ‘ஹம்’ ஒன்றுதானே. தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்குச் சறுக்கும் இடம் இருமைதான். கணவன் மனைவி இருவரைப் பார்த்துப் பன்மையில் பேசினால், மூன்றாவது ஆள் எங்கே என்று தேடுவார்கள்.

பெயர்ச்சொல்லிலும் அப்படியே. ஒரு புலி ‘குலா’, இரண்டு ‘குலாகிங்’, பல ‘குலாகோ’.

திணையும் உண்டு, ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. தமிழில் மக்கள் உயர்திணை, புலியும் ஆடும் அஃறிணை. முண்டாரியில் உயிருள்ளவை ஒரு பக்கம், உயிரற்றவை மறுபக்கம். மனிதரும் புலியும் ஆடும் ஒரே திணை. மரம் உயிரற்ற பக்கம் போய்விடும். ஆனால் வானத்து விண்மீன்கள் உயிருள்ளவை! கதிரவனும் நிலவும் அப்படித்தான்.

இந்தத் திணை வெறும் பட்டியல் இல்லை, வினைச்சொல்லுக்குள் வந்து உட்காருகிறது. ‘லெல்’ என்றால் பார். மலையைப் பார்த்தால் ‘லெல்கெதா’. ஒரு புலியைப் பார்த்தால் ‘லெல்கியா’. புலிகளைப் பார்த்தால் ‘லெல்கெத்கோவா’. விண்மீன்களை (இப்பில்) பார்த்தாலும் லெல்கெத்கோவாதான். பார்க்கப்பட்டது உயிருள்ளதாக இருந்தால் அதன் எண்ணை வினை சுமக்கும், இல்லாவிட்டால் சுமக்காது. ‘இப்பில்’ என்று சொல்லி ‘லெல்கெதா’ என்று முடித்தால் பொருள் புரியும், ஆனால் கேட்பவர் காதில் ‘அவன் வந்தது’ என்பதுபோல் விழும்.

எழுவாய் எங்கே என்று கேட்பீர்கள். அது வினைக்கு முந்தைய சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ‘மண்டிஞ் ஜொம்கெதா’ என்றால் ‘சோறு உண்டேன்’. மண்டி சோறு, ஜொம் உண். சோற்றோடு ஒட்டிய ‘ஞ்’தான் ‘நான்’. கடைசியில் வரும் ‘ஆ’ வாக்கியம் முற்றுப்பெற்றதைக் காட்டுகிறது.

கேள்வி: ‘நீர்’ என்பதற்கு ஒருவர் ‘தா’ என்கிறார், ஒருவர் ‘தாக்’ என்கிறார், புத்தகத்தில் விசர்க்கம் (சம்ஸ்கிருதத்தில் எழுத்துக்குப் பின் வரும் இரட்டைப் புள்ளி) போட்டிருக்கிறது. எது சரி?

மூன்றும் ஒரே ஒலியைப் பிடிக்கும் முயற்சி. தா என்று தொடங்கி, மூச்சைத் தொண்டையிலேயே சட்டென அடைத்துவிட வேண்டும். ககரம் கேட்கக் கூடாது. தேவநாகரியில் எழுதுவோர் இதற்கு விசர்க்கத்தைக் கடன் வாங்கினார்கள், ஆனால் ‘தாஹா’ என்று சம்ஸ்கிருதப் பாணியில் வாசித்தால் தவறு. சந்தாலியில் அதே இடத்தில் அடைபட்ட ககரம் கேட்கும். ‘தாக்’ என்பவர் சந்தாலிக்காரராக இருக்கலாம்.

இந்த அடைப்பு அலங்காரம் இல்லை. ‘ஜோ’ என்றால் கனி, ‘ஜோ’’ என்றால் பெருக்குதல்.

அடுத்தது மி’த் (ஒன்று), து’ப் (உட்கார்) போன்றவை. து’ப் சொல்லும்போது உதடும் தொண்டையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். பிறகு உதட்டைத் திறந்து வெடிக்க விடாமல், மூச்சை மூக்கு வழியாக மெல்ல விடலாம். தமிழர் இங்கேதான் தவறுகிறோம். வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நம் நாக்கு ஒப்பாது. உடனே ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொள்ளும். ‘துபு’, ‘மிது’ என்று ஆகிவிடும். திருத்த ஒரு வழி: உதட்டை மூடியபடியே மனத்துக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுப் பிறகு திறங்கள். உகரம் வர இடமிருக்காது.

நெடில் குறில் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை வைத்துப் பொருள் மாறுவதில்லை. ஆனால் வல்லொலி (p, t, k), மெல்லொலி (b, d, g) வேறுபாடு முக்கியம். பர், புரு (மலை) இவற்றின் பகரம் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலி. தா’வின் தகரம் ‘தினம்’ என்பதில் வருவது. கெல் (பத்து) என்பதன் ககரம் ‘கிராம்’ போல. தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்கள் மெல்லொலிக்கு அடியில் ஒரு கோடு போட்டுவைத்தால் பின்னால் தடுமாற வேண்டியதில்லை.

கேள்வி: அகராதியில் பாதிச் சொற்கள் கிடைக்கவில்லை. ‘தப்பல்’, ‘துனு’ப்’ எதுவும் இல்லை. ஏன்?

அவை வேர்ச்சொல்லுக்கு நடுவில் அசை நுழைந்த வடிவங்கள். தமிழில் ஒட்டு பின்னால் சேருவதால் நாம் சொல்லின் வாலைத்தான் வெட்டிப் பார்ப்போம். இங்கே வயிற்றைத் திறக்க வேண்டும். முதல் உயிருக்குப் பின் பகரமும் அதே உயிரும் நுழைந்தால் ‘ஒருவரை ஒருவர்’ என்று பொருள். தல் (அடி) - தப்பல் (ஒருவரையொருவர் அடி). லெல் (பார்) - லெப்பெல் (சந்தித்துக்கொள்). னகரமும் அதே உயிரும் நுழைந்தால் பெரும்பாலும் பெயராகும். து’ப் (உட்கார்) - துனு’ப் (கூட்டம்). ஒல் (எழுது) - ஒனொல் (எழுத்து). எனவே கிடைக்காத சொல்லில் நடுவே ப அல்லது ன இருந்து, இருபக்கமும் ஒரே உயிர் இருந்தால், அந்த மெய்யையும் ஒரு உயிரையும் நீக்கித் தேடுங்கள்.

இன்னொன்று, ஒரே சொல்லை மூன்று எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள்: அடைப்புக் குறியோடு, விசர்க்கத்தோடு, எதுவும் இல்லாமல். பழைய நூல்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். இவற்றில் பெரியது ஜெர்மன் ஏசுசபைப் பாதிரியார் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் தொடங்கி, ஆர்தர் வான் எமெலன் தொடர்ந்த ‘என்சைக்ளோபீடியா முண்டாரிகா’. 1930களில் வெளிவரத் தொடங்கி 16 தொகுதிகளாக விரிந்தது. சொல்லுக்குப் பொருள் மட்டும் தராமல் திருமணம், வேட்டை, நில உரிமை, விதைப்பு எல்லாவற்றையும் விவரிக்கும். 1908 சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவானதிலும் ஹாஃப்மனுக்குப் பங்கு உண்டு. நில உரிமைச் சொற்களுக்கு அவர் பக்கம் பக்கமாக எழுதியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: முண்டாரியில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பிரிவே கிடையாதாமே?

1903இல் வெளியான இலக்கணத்தில் ஹாஃப்மன் அப்படித்தான் சொன்னார். சொல்வதற்குக் காரணமும் இருந்தது. ‘புருகோ பைகெதா’ என்றால் ‘அவர்கள் மலையை உண்டாக்கினார்கள்’. ‘சான்கோ புருகெதா’ என்றால் ‘விறகைக் குவித்தார்கள்’. மலை என்ற அதே ‘புரு’ இரண்டாவதில் வினையாக நிற்கிறது. (முதல் வாக்கியத்தில் ‘புருகோ’வை ‘மலைகள்’ என்று படித்துவிடாதீர்கள். மலை உயிரற்றது, அதோடு ஒட்டிய ‘கோ’ பன்மை அல்ல, ‘அவர்கள்’ என்ற எழுவாய்.)

2005இல் மொழியியலாளர்கள் நிக்கோலஸ் எவன்ஸ், தோஷிகி ஒசாதா இருவரும் இதை மறுத்தார்கள். மலை வினையாகும்போது ‘மலையாக இரு’ என்று பொருள் வரவில்லை, ‘குவி’ என்று வருகிறது. என்ன பொருள் வரும் என்பது சொல்லுக்குச் சொல் மாறுகிறது. எல்லாச் சொல்லும் எல்லா இடத்திலும் ஒரே பொருளோடு நின்றால்தான் பிரிவு இல்லை எனலாம் என்பது அவர்கள் வாதம். எங்களுக்கும் இதுவே ஏற்புடையதாகத் தெரிகிறது. கற்பவர் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு பெயரை வினையாக்கும் முன் அதன் வினைப்பொருளை யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முண்டாரிக்குச் சொந்த எழுத்து உண்டா?

உண்டு. மயூர்பஞ்சைச் சேர்ந்த ரோகிதாஸ் சிங் நாக் உருவாக்கிய ‘முண்டாரி பானி’. 2022 செப்டம்பரில் வெளியான யூனிகோடு (கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரம்) 15இல் ‘நாக் முண்டாரி’ என்ற பெயரில் சேர்ந்தது. 27 எழுத்துகள், 10 எண்கள், சில குறிகள், ஆக மொத்தம் 42. இடமிருந்து வலம். நம்முடையதுபோல் மெய்யோடு உயிர் கூடி வடிவம் மாறாது. உயிரும் தனி எழுத்தாகவே நிற்கும்.

திரையில் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் ‘நோட்டோ சான்ஸ் நாக் முண்டாரி’ எழுத்துருவை நிறுவுங்கள். நடைமுறையில் ஜார்க்கண்டில் தேவநாகரியும், ஒடிசாவில் ஒடியாவும், வங்கதேசத்தில் வங்க எழுத்தும் புழங்குகின்றன. ராஞ்சியில் தேர்வு எழுதப் போகிறவர் தேவநாகரியைத்தான் பழக வேண்டும்.

கேள்வி: சந்தாலி எட்டாம் அட்டவணையில் இருக்கிறது. முண்டாரி?

இல்லை. சந்தாலி 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலியோடு சேர்ந்தது. முண்டாரிக்கான கோரிக்கை தொடர்கிறது. ஜார்க்கண்ட் 2011இல் முண்டாரியை மாநிலத்தின் இரண்டாம் ஆட்சி மொழிகளில் ஒன்றாக்கியது. ஆனால் குடிமைப்பணித் தேர்வில் சந்தாலி இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம், முண்டாரியை எடுக்க முடியாது. பத்து லட்சத்துக்கு மேல் பேசுவோர் உள்ள மொழிக்கு இது அநீதி. ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகளுக்குத் துறை உருவாகக் காரணமாக இருந்தவர் ராம் தயாள் முண்டா (1939–2011). தமார் பக்கத்து திவுரி கிராமத்தில் பிறந்து, சிகாகோவில் ஆய்வுப்பட்டம் பெற்று, பின்னாளில் ராஞ்சிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர்.

கேள்வி: என்னோடு வேலை செய்பவர் குந்தியிலிருந்து வந்தவர். அவர் மொழியில் இரண்டு வார்த்தை பேச ஆசை.

முதலில் எந்த மொழி என்று கேளுங்கள். அவர் முண்டாரி, குருக், கரியா எதையும் பேசலாம். வீட்டில் அந்த வட்டாரத்தின் பொதுமொழியான சாத்ரி மட்டும் பேசுகிறவராகவும் இருக்கலாம். முண்டாரிதான் என்றால், ‘ஜொஹார்’ என்று வணங்குங்கள். ‘ஹிஜு’மெ’ என்றால் வா, ‘து’ப்மெ’ என்றால் உட்கார், ‘மண்டி ஜொம்மெ’ என்றால் சாப்பிடு. அந்த ‘மெ’ ஒருவருக்கு மட்டும். இருவர் வந்தால் ‘ஹிஜு’பென்’, கூட்டமாக வந்தால் ‘ஹிஜு’பெ’.

ஊர்ப்பெயரையும் கேட்டுப் பாருங்கள். ‘உலி’ மாமரம், ‘ஹட்டு’ ஊர். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடிய பிர்சா முண்டா பிறந்த உலிஹாட்டு என்பது மாமரத்து ஊர்தான்.